அம்மனுக்கு நேர்ந்த கோழியும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிய கோழியும்

எங்கள் தெருவில் இன்று கோழி வளர்க்கிற யாருக்கும் கோழியை அறுக்கத் தெரியாது. கிழிந்த கோழியைத் தைக்கவும் தெரியாது. ஒரு காலத்தில் இந்த இரண்டு வித்தையும் ஒரே கையில் இருந்தது. எங்கள் வீட்டில் அது ஆயாவின் கை.

தெரு என்றால் சென்னை வியாசர்பாடியில், எம்.கே.பி. நகரில் ஒரு குறுக்குத் தெரு. மகாகவி பாரதி நகர் என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் ஒரு நிமிஷம் யோசிப்பார். காக்கை குருவியோடு உறவு கொண்டாடியவரின் பெயரை எங்கள் நகருக்கு வைத்தார்கள். கோழியோடு உறவு கொண்டாடுவதை நாங்களே பார்த்துக்கொண்டோம். வீட்டு வசதி வாரியத்து வீட்டின் பின்னால் துணி துவைக்கிற கல், கக்கூஸ், ஒரு முருங்கை. மிச்ச இடத்தில் காசிமேட்டு மீன் பெட்டியைக் கவிழ்த்துச் செய்த கோழிக்கூடு. அதற்குக் கதவு ஒரு பலகை. பூட்டு ஒரு செங்கல்.

எதிரிகளுக்குக் குறைவில்லை. கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கமிருந்து கீரி வரும். சாக்கடையிலிருந்து பெருச்சாளி ஏறி வந்து, தூங்குகிற கோழியின் காலைக் கொறித்துவிட்டுப் போகும். குஞ்சு என்றால் பருந்து; கொடுங்கையூர்க் குப்பைமேடு வளர வளர வானத்தில் அதுவும் பெருகியது. தெருநாய் மட்டும் எல்லாக் காலத்துக்கும் பொது.

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த சமயம், ஆடி பிறக்கப் போகிற நாட்கள். எங்கள் செவலைப் பெட்டையை நாய் கவ்விவிட்டது. ஆயா துடைப்பத்தை வீசி நாயை விரட்டினாள். கோழி எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல நாலு அடி நடந்தது. கழுத்தடியில் இரை தங்குகிற பை கிழிந்து, காலையில் தின்ற நொய்யரிசி ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த அரிசியை அதுவே குனிந்து பொறுக்கித் தின்றது. தின்றது மறுபடியும் கீழே விழுந்தது. நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடா வேடிக்கை? அடுப்புல சுடுதண்ணி கீது, உப்பு போட்டு எடுத்தா."

முதலில் என்னைத்தான் ஆயா பழக்கினாள். ரெக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், காலைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். "நெஞ்ச அமுக்காத, மூச்சு வுடாம செத்துப்பூடும்." காயத்தைச் சுற்றிய இறகுகளைப் பிடுங்கினாள், ரத்தம் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்ததை மட்டும் கத்தரியால் வெட்டினாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் சொம்பிலிருந்து சன்னமாக ஊற்றி, பைக்குள் இருந்த அரிசி, மணல், ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் விரலால் வழித்தாள். ஊசியை அடுப்பு நெருப்பில் காட்டினாள். வெள்ளை நூலை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தாள். நான் எதிர்பார்த்தது ஒரே இழுப்பில் மொத்தத்தையும் கோத்துத் தைப்பாள் என்று. அவள் உள்ளே இருந்த மெல்லிய பையைத் தனியாக, விளிம்பை உள்பக்கம் மடித்து, நெருக்கமாகத் தைத்தாள். அதை முடிச்சுப் போட்டு அறுத்த பிறகுதான் மேல்தோலுக்கு வந்தாள். கேட்டதற்கு, "ஜாக்கெட்டுக்கு லைனிங் வெச்சி தெக்கறது இல்ல? உள்துணி வேற, மேல்துணி வேற. ரெண்டையும் சேத்து அடிச்சா இழுத்துக்கும்" என்றாள்.

மயக்க மருந்து கிடையாது. கோழியின் தலைமேல் நைனாவின் பழைய துண்டு ஒன்றைப் போட்டிருந்தாள், அவ்வளவுதான். இருட்டானால் கோழி அடங்கிவிடும் என்பது கோழி வளர்த்த எவருக்கும் தெரியும். வலி இல்லை என்று அர்த்தமில்லை. கோழி வலியைக் காட்டாது. நொண்டுகிறவனைத்தான் நாய் முதலில் பிடிக்கும் என்பது அதன் ரத்தத்தில் ஊறிய பாடம்.

தைத்த இடத்தில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும். அதன்மேல் ஊதா மருந்து, அதாவது ஜென்ஷன் வயலட். வாய்ப்புண்ணுக்கும் படைக்கும் ஆஸ்பத்திரியில் தடவி அனுப்புவார்களே, அதேதான். கிருமிக்கு மட்டும் இல்லை அது. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும், கொத்திக் கொத்தித் தின்றேவிடும். ஊதா பூசினால் சிவப்பு மறைந்துவிடும். 2019-இல் கனடா நாட்டு சுகாதாரத் துறை இந்த மருந்தால் புற்றுநோய் ஆபத்து உண்டு என்று எச்சரித்தது. எங்கள் தலைமுறையில் வாய் ஊதாவாகாத பிள்ளை அபூர்வம்.

அப்புறம் கோழியைக் கூடையால் கவிழ்த்து மூடி, மேலே சாக்கைப் போட்டு, தனியே வைத்தாள். தானியம் கிடையாது, சில நாளைக்குக் கஞ்சி மட்டும், அதுவும் கொஞ்சங்கொஞ்சமாக. பை நிறைந்தால் தையல் விட்டுவிடும். தையல் விடவில்லை. ஆடிக்குள் கோழி குப்பை கிளறத் தொடங்கிவிட்டது.

ஒரு கோழிக்கு இத்தனை பாடு ஏன் என்று நைனா கேட்டார். அவர் பின்னி மில்லில் ஷிப்ட் முடித்து வந்தவர், அன்றைக்கு ராத்திரி கோழிக்குழம்பு உறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆயாவின் பதிலும் நியாயமானது:

"அம்மனுக்கு நேந்துகினது. ஓட்டையோடயா குடுக்கறது?"

கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை அந்தச் செவலைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலையை ஆட்டியதும் அறுத்தார்கள். தைத்த கைதான் பிடித்துக்கொண்டது. இதில் ஆயாவுக்கு ஒரு முரணும் தெரிந்ததில்லை. அன்றைக்குக் குழம்பு சாப்பிட்ட எங்களுக்கும் தெரியவில்லை. சட்டத்துக்குத்தான் தெரிந்திருந்தது: கோயிலில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-இலிருந்தே இருந்தது. ஆயா வருஷா வருஷம் அதை மீறிக்கொண்டிருந்தாள் என்பது, 2003-இல் அரசு அதைத் திடீரென்று அமல்படுத்தக் கிளம்பியபோதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. ஊரெல்லாம் முணுமுணுப்பு எழ, 2004-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆயா அப்போது இல்லை. இருந்திருந்தால் இரண்டு செய்தியையும் ஒரே "உம்"மில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

தெருவில் இன்னொரு தையல்காரர் இருந்தார். சேவல்காரர் என்றுதான் பெயர். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அவர் தொழிலான சேவல் சண்டை குற்றம். ஆனால் கோழி வைத்தியத்தில் அவருக்கு இருந்த கைப்பழக்கம் அந்தக் குற்றத்திலிருந்து வந்ததுதான். சண்டையின் இடைவேளையில், வாய் நிறையத் தண்ணீர் வைத்துச் சேவலின் முகத்தில் புஸ்ஸென்று ஊதி, ரத்தத்தைத் துடைத்து, தொங்குகிற தோலைத் தைத்து மறுபடி களத்தில் விடுவார். ஆயாவுக்குக் கண் மங்கிய பிறகு எங்கள் கோழிகள் அவரிடம்தான் போயின. காசு வாங்க மாட்டார். முட்டை வாங்கிக்கொள்வார்.

பழைய காலம் என்றதும் பொற்காலம் என்று எழுதிவிடக் கூடாது. ஆயாவின் கைக்கு எட்டாதது நிறைய இருந்தது. காயத்துக்குக் காபித்தூள் வைப்பாள், சுண்ணாம்பு வைப்பாள், சிலந்தி வலையைப் பிய்த்து ஒட்டுவாள், அடுப்புக் கரியையும் விட்டுவைக்கவில்லை. எந்த வேளை எது என்பது அவள் மனநிலையைப் பொறுத்தது. நெபாசல்ப் பவுடர் வீட்டுக்கு வந்த பிறகு மனிதன், கோழி, பூனை எல்லோருக்கும் அதே டப்பா. பூனை பல் பதித்த கோழியை அவள் தொடவே மாட்டாள். "நாய் கிழிச்சா தெக்கலாம். பூனை கடிச்சா பொழைக்காது" என்று நேரே அரிவாள்மணைக்குக் கொண்டுபோவாள். அதில் விஷயம் இருந்தது. பூனையின் பல்லிடுக்கில் பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. ஊசி குத்திய அளவு காயம் வழியாக உள்ளே போய், ஓரிரு நாளில் பறவையின் ரத்தம் முழுக்கப் பரவிக் கொன்றுவிடும். கிழிசல் கண்ணுக்குத் தெரியும், கழுவலாம். பொட்டுக் காயத்தை எப்படிக் கழுவுவது?

வெள்ளைக் கழிச்சல் வந்தாலோ ஆயாவின் ஊசி, நூல், மஞ்சள் எல்லாம் வெறும் ஊசி, நூல், மஞ்சள். ராணிக்கெட் என்று புத்தகத்தில் போட்டிருக்கிற அந்த வியாதி கோடையில் வந்தால் ஒரே வாரத்தில் தெருவில் ஒரு கூடு மிஞ்சாது. கிழிந்த இரைப்பையை இரண்டு அடுக்காகத் தைக்கத் தெரிந்தவள், கழுத்து திருகிக்கொண்டு சுழல்கிற கோழியைப் பார்த்து வேப்பிலை சொருகிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கால்நடைத் துறை கொடுக்கிற தடுப்பு மருந்தைப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். தடுப்பூசி என்பது பிள்ளைகளுக்கு அம்மை வராமல் குத்துவது என்றுதான் எங்கள் வீட்டு அறிவு நின்றிருந்தது.

மஞ்சளுக்கு மட்டும் ஒரு கௌரவம் பின்னால் கிடைத்தது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது தங்கள் கண்டுபிடிப்பு என்று மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இருவருக்கு 1995-இல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 1996-இல் வழக்காடப் போனது. பழைய ஏடுகளையும் ஆய்விதழ்களையும் கொண்டுபோய்க் காட்டி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. அந்த 1996-இல்தான் பின்னி மில்லையும் மூடினார்கள். வீட்டில் மஞ்சள் யாருடையது என்பதைவிட அடுத்த மாதம் மளிகைக் கடைக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் பேச்சு. கோழிகள் அந்த வருஷம் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வியாதியால் இல்லை.

இப்போதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் கோழி திரும்ப வந்தது என் மகள் தயவில். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பண்ணைக் கோழிக்குக் கொடுப்பதை 2019-இல் மத்திய அரசு தடை செய்ததைப் படித்திருக்கிறாள். வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்தைக் கறிக்கோழி கொழுக்கப் போட்டிருக்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம். ஊரடங்கில் நேரமும் கிடைத்தது. மருந்து வாடையே இல்லாத முட்டை வேண்டும் என்று நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர். லட்டு என்பது அதில் ஒன்று. ஆயா காலத்துக் கோழிகளுக்கு நிறம்தான் பெயர். பெயர் வைத்தால் குழம்பு இறங்காது என்பதைச் சொல்லாமலே எல்லோரும் புரிந்துவைத்திருந்தார்கள். லட்டுவைக் குழம்பு வைப்பது பற்றி இன்றைக்கு வாய் திறந்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. பிரியாணிக்கு மட்டும் கடைக்கோழி. அதற்குப் பெயர் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வியாசர்பாடி முழுக்க நின்று வடிந்தபோது எங்கள் பின்சுவரின் ஓரம் சரிந்தது. கொத்தனார் வருவதற்குள் நாய் வந்தது. லட்டுவைப் பிடுங்கிக் காப்பாற்றியதும் மகள் புரட்டிப் பார்த்தாள். முதுகில் நாலு இறகு போயிருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. கோழியும் தின்றது, குடித்தது. மறுநாள் மாலை நாற்றம் வந்த பிறகுதான் இறகை விலக்கிப் பார்க்கத் தோன்றியது. வால் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, அடியில் புழு நெளிந்தது. ஈ முட்டையிட்டால் நம் ஊர் வெக்கைக்கு ஒரு நாளில் பொரிந்துவிடும்.

யாரும் தொடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மகள் அழுதாள். மருமகன் போனில் காணொலி தேடினார். ஒருவர் தேன் தடவச் சொன்னார், ஒருவர் பெவிக்விக் ஒட்டச் சொன்னார், ஒருவர் பிரார்த்தனை செய்யச் சொன்னார். பத்து நிமிஷத்தில் பொவிடோன் அயோடின், பஞ்சு, கையுறை, சலைன் பாட்டில் எல்லாம் வாசலுக்கு வந்து சேர்ந்தன. கொண்டுவந்த பையன் மட்டும், "அண்ணே, கோழிக்கா? சூடத்தைப் பொடி பண்ணி தேங்காயெண்ணெயில போட்டு ஊத்துங்க, புழு வெளிய வந்துரும்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் மேற்கொண்டு பேசுவதற்குள் அடுத்த ஆர்டருக்குப் போய்விட்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அவன் சொன்னது நாட்டுப்புறக் கதை இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி தொகுத்துப் பரப்பிய மூலிகை வைத்தியத்தில், புழு வைத்த புண்ணுக்குச் சூடம் கலந்த தேங்காயெண்ணெயோ சீத்தா இலை விழுதோ முதல் நாள் மருந்து. பிறகு குப்பைமேனி, பூண்டு, மஞ்சள், வேப்பிலை, துளசி, மருதாணியை அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது. ஆயா தனித்தனியாக, மனம்போனபடி வைத்ததை அளவோடு ஒன்றாக வைக்கிறார்கள்.

முதலில் பெரம்பூர்ப் பக்கம் ஒரு தனியார் பிராணி கிளினிக். அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போனோம். படிவத்தில் பெயர் என்ற இடத்தில் லட்டு என்றும், இனம் என்ற இடத்தில் நாட்டுக்கோழி என்றும் மகள் எழுதினாள். "தினமும் குளிப்பாட்டுவீங்களா" என்று ஒரு கேள்வி அச்சாகி இருந்தது, அதை விட்டுவிட்டாள். பக்கத்து இருக்கையில் ஒரு பொமரேனியன் லட்டுவைப் பார்த்து நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் இளைஞர், மரியாதையான பிள்ளை. "நாங்க நாய், பூனை மட்டும்தான் சார் பாக்கறோம். கிளின்னாகூடப் பரவால்ல" என்று வேப்பேரிக்கு அனுப்பினார்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் இருபது மாணவர்களோடு தொடங்கியது. எங்கள் முறை வந்தபோது அந்த முதல் வகுப்பில் பாதியளவு பேர் லட்டுவைச் சுற்றி நின்றிருப்பார்கள். டாக்டரம்மா கோழியை ஒரு மாணவனிடம் கொடுத்தார். அவன் இறுக்கிப் பிடித்தான்.

"நெஞ்சை அழுத்தாதப்பா. கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினாத்தான் மூச்சு."

உதரவிதானம் என்ற ஒரு சொல்லைத் தவிர அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானதுதான்.

சிரிஞ்சில் சலைனை அடைத்து, பீய்ச்சி பீய்ச்சிக் கழுவினார். சிமிட்டாவால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். கறுத்துப்போன தோலின் ஓரத்தை வெட்டினார். தைக்கவில்லை. ஏன் என்று மகள் கேட்டாள். நாய் வாயழுக்கு உள்ளே போய் ஒரு நாள் தாண்டிய காயம். மேலே மூடினால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும், திறந்தே ஆறட்டும் என்றார். கோழிக்குச் சீழ் நம்மைப்போல் ஒழுகாது என்பதையும் காட்டினார்: சீழை இளக்குகிற நொதி அதன் வெள்ளணுக்களில் இல்லை, அதனால் கெட்டியாக இறுகி உள்ளேயே தங்கிவிடும், பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். வெறிநாய் ஊசி வேண்டாமா என்று மருமகன் கேட்டதற்கு, "அது பாலூட்டிகளுக்கு வர்ற நோய் சார். உங்களை யாராவது கடிச்சிருந்தா சொல்லுங்க" என்றார்.

பிறகு ஆன்டிபயாடிக் எழுதினார். "மருந்து கொடுக்கிற நாளும், நிறுத்தி நான் எழுதியிருக்கிற நாள் வரைக்கும் முட்டையைச் சாப்பிடாதீங்க. யாருக்கும் கொடுக்கவும் கூடாது." மருந்து வாடையில்லாத முட்டைக்காக வாங்கிய கோழி. அது காயத்தோடு நாள் தவறாமல் முட்டை போட்டது. மகள் நாள் தவறாமல் அதை எடுத்து உடைத்துக் குழியில் புதைத்தாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஆம்லெட்டுக்கு நாமக்கல்தான் முட்டை அனுப்பியது.

ஈ அண்டாத ஸ்ப்ரே அடித்து, அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, லட்டு ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் தங்கியது. மற்ற கோழிகள் கொத்திவிடும் என்பதால் தனியறை. ஆயாவின் கூடையும் சாக்கும்தான், வாடகை மட்டும் கூடிவிட்டது. ஆட்டோ, மருந்து, சலைன், கையுறை எல்லாம் சேர்த்தால் லட்டுவின் எடையில் எத்தனை கோழி வாங்கலாம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டதுண்டு. சத்தமாகப் போடவில்லை. ஓரங்களிலிருந்து தோல் இளஞ்சிவப்பாக நகர்ந்து நகர்ந்து, உள்ளங்கை அகலம் ஒரு ரூபாய் அகலமாகி, கடைசியில் முள்முள்ளாகப் புது இறகு குத்திக்கொண்டு வந்தது. கோழிச் சதை ஆறுகிற வேகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் மருந்தைப் புகழ்வதா கோழியைப் புகழ்வதா என்று தெரியாது. ஆயா அடுப்புக்கரி வைத்தும் ஏன் சில பிழைத்தன என்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மிச்சமிருந்தது கூடு. அறுகோணக் கண் வைத்த கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது. இரண்டு இழுப்பில் கிழித்துவிடும். பெருச்சாளி அதைக் கடித்துக்கொண்டே வரும். ஆகவே அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ், அடியிலும் அதே கம்பி, சுற்றிலும் ஒரு அடி மண்ணுக்குள், மேலே தகரம், கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். எருக்கஞ்சேரி ஹைரோட்டு வெல்டிங் கடைக்காரரிடம் படம் வரைந்து காட்டினேன். கால்குலேட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார்:

"இன்னா சார், உள்ள சிங்கம் எதுனா வெக்கப் போறியா?"

"கோழிதாங்க."

"பிராய்லரா, நாட்டுக்கோழியா?"

"நாட்டுக்கோழி."

கால்குலேட்டரை மறுபடி எடுத்து ஐந்நூறு ரூபாய் கூட்டிப் போட்டார்.